எல்லோருக்கும் போன தனிமடல்

வேதமுத்து கேட்டது ஒரே ஒரு வரி. அதையும் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். விண்சாவடி மடற்குழுவுக்கு அவர் அனுப்பிய அஞ்சலின் தலைப்பே "சொந்த விஷயம், மன்னிக்கவும்" என்று இருந்தது.

குழுவுக்கு வரும் மடல்களைப் பார்த்து அனுப்பிவைக்கும் மட்டுறுத்துநர் உலகம்மாள் அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே புருவத்தைச் சுருக்கினாள். சொந்த விஷயங்களைக் குழுவுக்கு எழுதக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவளே அவள்தான். இந்தக் காலத்தில் உலகம்மாள் என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். தென்காசிப் பக்கம் வைப்பார்கள், இன்னும் நூறு வருடம் கழித்தும் வைப்பார்கள்.

சாவடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். செவ்வாயைத் தாண்டினால் கல்லும் பனிக்கட்டியுமாக லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நாற்பது கற்களின் மேல் நம் ஆட்கள் சாவடி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஓர் இயந்திரம் பனிக்கட்டியை உடைத்து எரிபொருளாக்கும். அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். முதலில் இரண்டு பேரைப் போட்டுப் பார்த்தார்கள், சண்டை வந்தது. மூன்று பேரைப் போட்டார்கள், கட்சி உண்டாகிவிட்டது. கடைசியில், தனியாகக் கிடந்தால் யாரோடு சண்டை போடுவான் என்று ஒருவரை மட்டும் போட்டுவிட்டார்கள். நிர்வாகம் இப்படித்தான் யோசிக்கும்.

அங்கிருந்து இங்கே பேசவும் முடியாது. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் அந்தக் கேள்வி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். "ஆச்சு" என்ற பதில் வர இன்னொரு முக்கால் மணி நேரம். அதற்குள் அடுத்த வேளைக்கே பசித்துவிடும். அதனால்தான் தாத்தா காலத்து மின்னஞ்சல் குழு மறுபடி உயிர் பெற்றது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு பெரிய ஆன்டெனா. அது நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சாவடிப் பக்கமும் திரும்பி, அன்றைய மடல்களையும் தகவல்களையும் ஒரே கட்டாக அனுப்பிவிட்டு, அங்கிருந்து வருவதை வாங்கிக்கொண்டு அடுத்த சாவடிக்குப் போய்விடும். கட்டில் முக்கால்வாசி இயந்திரச் சமாசாரம். மிச்சமிருக்கும் ஓர் ஓரம்தான் மனிதர்களுக்கு.

அந்த ஓரத்துக்காகத்தான் உலகம்மாளின் விதிகள். பழைய மடலை முழுக்க வாலாகத் தொங்கவிட்டுப் பதில் எழுதாதீர்கள், தேவையான இரண்டு வரியை மட்டும் வெட்டி வையுங்கள். புது விஷயத்துக்குப் புதுத் தலைப்பு போடுங்கள். "நன்றி", "வாழ்த்துகள்", "நானும்" என்று ஒற்றை வார்த்தையைக் குழுவுக்கு அனுப்பாதீர்கள். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை அவருக்கு மட்டும் தனிமடலில் சொல்லுங்கள். அனுப்பும் முன் முகவரியை இன்னொரு தரம் பாருங்கள். இதையெல்லாம் நாகரிகம் என்று பெரிய வார்த்தையில் சொன்னார்கள். உண்மையில் அது இட நெருக்கடி.

நெருக்கடி என்றால் விளையாட்டு இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், விதிகள் வருவதற்கு முன், ஒருவருடைய பிறந்தநாளுக்கு எல்லோரும் குழுவிலேயே வாழ்த்தித் தீர்த்தார்கள். வாழ்த்துக்கு நன்றி, நன்றிக்குச் சிரிப்பு. ஒரு சாவடியின் கட்டு நிரம்பி வழிந்தது. வால்வைத் திறக்காதே என்று இன்னொரு சாவடிக்காரர் எழுதிய எச்சரிக்கை ஒரு நாள் பிந்திப் போனது. அது தெரியாமல் வால்வைத் திறந்த அந்தச் சாவடிக்காரர் இரண்டு விரல்களை இழந்தார். அதற்குப் பிறகு உலகம்மாள் விதியை எழுதினாள், எல்லோரும் மறுபேச்சின்றிக் கட்டுப்பட்டார்கள். சூரியனைச் சுற்றுகிற எந்த மடற்குழுவிலும் இவ்வளவு மரியாதை கிடையாது என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

வேதமுத்துவின் மடல் இதுதான்:

"கப்பல் மூன்று வாரத்தில் என் சாவடிக்கு வருகிறது. இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தத் தடவை ஏறாவிட்டால் இனிமேல் என் எலும்புகள் பூமியின் கனத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதாவது எனக்கு இதுதான் கடைசிக் கப்பல். சொந்த ஊர் நாசரேத்தில் எனக்கு இப்போது யாரும் இல்லை. போய் இறங்கினால் எங்கே போவது என்று தெரியவில்லை. உங்களில் யாராவது ஒருவர், வா, உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் ஏறிவிடுவேன். இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன். குழுவுக்கு எழுத வேண்டாம், விதி எனக்குத் தெரியும். தனியாக எழுதுங்கள்."

உலகம்மாள் அதைக் கடைசி வரி வரை படித்தாள். விதி மீறல் என்று திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, குழுவுக்கு விட்டுவிட்டாள். தட்டில் முருங்கை வளர்ப்பது எப்படி என்று நாற்பது சாவடிக்கும் சொல்லிக் கொடுத்தவர் வேதமுத்து. யார் சந்தேகம் கேட்டாலும் அளவாக, அழகாக, வால் வெட்டிப் பதில் எழுதுவார். அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது.

அன்று குழுவில் யாரும் பதில் போடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் யாரோ வடிகட்டியைப் பற்றிக் கேட்டார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. உலகம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோரும் விதிப்படி தனியாக எழுதியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஊர் திரும்பிய பழைய சாவடிக்காரர்களையும் சேர்த்து எண்பது பேருக்கு மேல் இருக்கிற குழுவில் பாதிப் பேர் எழுதினாலே அவர் அஞ்சல் பை திணறும். தானும் எழுதி அதை அடைப்பானேன் என்று அவள் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் பிற்பகல், கட்டு கட்டும் சேர்மக்கனி தேநீரோடு அவள் அறைக்கு வந்தான். ஆன்டெனா நிலையத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு முப்பது வயது, வாய் சும்மா இருக்காது.

"யக்கா, வேதமுத்து அண்ணாச்சி சாவடிக்கு நேத்தே கப்பல் வந்துட்டு. நாளைக்கு மத்தியானம் கிளம்புதாம். அண்ணாச்சி ஏறுதாவளா இல்லியா?"

"ஏறுவாருல. இத்தனை பேரு எழுதியிருக்காங்கள்லா?"

"யாரு எழுதுனா?"

"எல்லாரும்தான்."

"எங்கக்கா எழுதியிருக்காவ?" சேர்மக்கனி தேநீரைக் கீழே வைத்தான். "நான்லா கட்டு கட்டுதேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, பாக்கவும் கூடாது. ஆனா உறை எத்தனைன்னு தெரியும்லா. அண்ணாச்சிக்குத் தனிமடலுன்னு ஒரு உறைகூட போகலியே."

"மூணு வாரத்துலயா?"

"மூணு வாரத்துலதான்."

உலகம்மாள் நம்பவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு பழைய சாவடிக்காரரை உடனே போனில் பிடித்தாள். குழுவில் மூத்தவர், வேதமுத்துவோடு பழக்கம் உள்ளவர். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார், பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"எழுதணும்னு நெனச்சேன் மேடம், சத்தியமா நெனச்சேன். அவ்வளவு பேரு எழுதும்போது நாமளும் எதுக்குப் போயி அவரு பையை அடைக்கணும்னு விட்டுட்டேன். ஏன், யாரும் எழுதலியா?"

"ஒருத்தரும் எழுதல சார்."

பாட்டைக் குறைக்கச் சொல்லி அவர் கண்டக்டரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவர் சொன்னார், "அய்யய்யோ. அப்ப நீங்களே ஒரு வரி எழுதிருங்க மேடம். நீங்க எழுதுனாத்தான் பொருத்தமா இருக்கும். நான் வீட்டுக்குப் போயி ஆற அமர எழுதுதேன்."

அவர் வீட்டுக்குப் போவதற்குள் கட்டு போய்விடும். வேதமுத்துவின் சாவடிக்கு ஆன்டெனா திரும்புவது நான்கு மணிக்கு. அதை விட்டால் நாளை நான்கு மணி. அப்போது கப்பல் இருக்காது.

"கனி, மத்தவங்களுக்கு? மத்த சாவடிக்கெல்லாம் தனிமடல் போகுதுல்லா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதான் நான் ரொம்ப நாளா யோசிக்கேன். ஏதோ மேல ரகசிய வழி ஒண்ணு இருக்கும்போல, தனிமடலெல்லாம் அப்படிப் போவும்போலன்னு நெனச்சேன். இந்தப் பக்கமாப் போனது ரொம்பக் கொறச்சல்க்கா. சண்டை போட்டு எழுதுனது கொஞ்சம். வடிகட்டி கடன் கேட்டது கொஞ்சம். வேற ஒண்ணும் கெடையாது."

"எத்தனை வருஷமா?"

"நீங்க விதி போட்டதுலேர்ந்துதான்."

உலகம்மாள் நாற்காலியில் சாய்ந்தாள். பதினோரு வருடத்தில் இந்தக் குழுவில் குழந்தைகள் பிறந்த செய்தி வந்திருக்கிறது. அம்மாக்கள் இறந்த செய்தி வந்திருக்கிறது. கண் பார்வை மங்குகிறது என்று ஒருவர் எழுதினார். ஒவ்வொரு தடவையும் குழு மரியாதையாக மௌனம் காத்தது. ஒவ்வொரு தடவையும் எல்லோரும், மற்றவர்கள் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். எழுதியவர் அங்கே காலிப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் ஆறுதல் வருகிறது, தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். இதை வெளியே சொல்ல யாருக்கு வாய் வரும்?

அவளுக்கே வரவில்லையே. ஆறு வருடத்துக்கு முன் கணவர் கந்தையா இறந்தபோது இரண்டு வரியில் குழுவுக்குத் தெரிவித்தாள். ஒருவர்கூட எழுதவில்லை. மட்டுறுத்துநர் என்றால் போலீஸ்காரி மாதிரி, போலீஸ்காரியிடம் யாருக்குப் பிரியம் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் விதிகளை இன்னும் கறாராக்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தனக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடந்திருக்கிறது என்று இப்போது புரிந்தபோது அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"மணி மூணே முக்கால்க்கா. எழுதுறதுன்னா எழுதுங்க" என்றான் சேர்மக்கனி.

எழுத உட்கார்ந்தால் முதல் வார்த்தையே வரவில்லை. "திரு. வேதமுத்து அவர்களுக்கு" என்று தொடங்கினாள். அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருந்தது, அழித்தாள். "அன்புள்ள" என்று போட்டாள். புருஷன் இல்லாத வீடு, ஊர் என்ன பேசும் என்று யோசித்து அதையும் அழித்தாள். அண்ணன் என்று கூப்பிட அவர் மூத்தவரா இளையவரா என்று தெரியவில்லை. வெறும் பெயரை எழுதினால் அதட்டுவதுபோல இருந்தது.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்த ஆளுக்கு எழுதுத மாதிரி இப்படி வெக்கப்படுதீய? வாங்கன்னு சொன்னா வந்துட்டுப் போறாவ."

"சும்மா கெடலே."

அவன் சொன்னதும் சரிதான். பேரே வேண்டாம் என்று விட்டுவிட்டு எழுதினாள்:

"வாங்க. நீங்கள் இறங்குகிற அன்று நான் கப்பல் தளத்து வாசலில் நிற்பேன். சாப்பாடு என் வீட்டில். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

புது விஷயம், அதனால் புதுத் தலைப்பு. "பயணம்" என்று போட்டாள். முகவரிக் கட்டத்தில் விரல்கள் தாமாகவே ஓடின. சேர்மக்கனி மணியைச் சொல்லி அவசரப்படுத்தினான், அனுப்பிவிட்டாள். கட்டு மூடியது. ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனா முனகிக்கொண்டு திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் அவள் கணினியில் டிங் என்று ஒரு சத்தம். குழுவிலிருந்து புதிய மடல். அனுப்பியவர்: மட்டுறுத்துநர். தலைப்பு: பயணம்.

பதினோரு வருடமாக ஒரே முகவரிக்கு எழுதிப் பழகிய விரல்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, எல்லாருக்கும் போயிட்டு" என்றான் சேர்மக்கனி, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

"அவருக்கு மறுபடி தனியா அனுப்பு. இப்பவே அனுப்பு."

"கட்டு மூடியாச்சுக்கா. ஆன்டெனாவத் திருப்பணும்னா மேலிடத்துல ஒரு வாரம் முன்னாலயே எழுதிக் கேக்கணும். வுடுங்க. எல்லாருக்கும் போனாலும் அவருக்கும்தான போயிருக்கு? கேட்டவரு அவருதான? தெரியாமலா போவும்?"

தெரியாமல் போகாது என்று அவளும் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், பூட்டியே கிடந்த கந்தையாவின் அறையைத் திறந்து ஒட்டடை அடித்தாள். கட்டிலின் மேலிருந்த பழைய பெட்டிகளை நகர்த்தினாள். ஒருவர் வந்து ஒருநாள் தங்கினால் எங்கே படுப்பார் என்று யோசித்தாள். கப்பல் வந்து சேர ஏழு மாதம் ஆகும். அவள் அன்றே பெருக்கினாள்.

மறுநாள் நான்கு மணிக் கட்டில் அவளுக்கு ஒரு தனிமடல் வந்தது. மட்டுறுத்துநர் வேலைக்கு வந்த நாளிலிருந்து, புகார் இல்லாமல் அவளுக்கு வந்த முதல் தனிமடல்.

"மதிப்பிற்குரிய மட்டுறுத்துநர் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் யாருக்கோ தனியாக எழுதிய மடல் கைதவறிக் குழுவுக்கு வந்துவிட்டது. படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன், மன்னிக்கவும். ஒரு நிமிடம் எனக்கோ என்று நினைத்தேன். எனக்கு எழுத நினைத்திருந்தால் மூன்று வாரம் காத்திருக்க மாட்டீர்கள் அல்லவா? அடுத்தவருக்கு வைத்த இலையில் போய் உட்கார எனக்கு வராது. யாருக்கு என்று கேட்க மாட்டேன். அவர் கொடுத்து வைத்தவர். அவர் சங்கடப்படாமல் இருக்கக் குழுவின் சேமிப்பிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். கப்பல் இப்போதுதான் கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை. இங்கே முருங்கை பூத்திருக்கிறது."

உலகம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து சேர்மக்கனியின் அறைக்குப் போய் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கப்பலைத் திருப்ப முடியாதா கனி? இப்பத்தான கெளம்பியிருக்கு?"

"பஸ்ஸாக்கா அது, விசிலடிச்சு நிறுத்த? மலையிலேர்ந்து உருட்டி விட்ட கல்லு மாதிரி. இப்ப அது பாட்டுக்கு அடுத்த சாவடிக்கு வுழுந்துக்கிட்டு இருக்கு. திருப்பணும்னா, அது ஊரு வந்து சேர வச்சிருக்குத எண்ணெய் மொத்தமும் காலி. உள்ள இருக்குத ஆளுவ எல்லாம் நடுவழியில நிக்கணும்."

"அவருக்குத்தான் எழுதுனேன்னு நான் இப்பச் சொல்லட்டா, வேண்டாமா?"

சேர்மக்கனி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். வாயாடிகளும் சில சமயம் யோசிப்பார்கள். "வேண்டாம்க்கா. இப்பச் சொல்லி என்ன ஆவப்போவுது? வுட்ட கப்பலை நெனச்சு நெனச்சு அண்ணாச்சி சாவணுமா? தெரியாம இருந்தா நிம்மதியா முருங்கைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பாவ."

"யாருமே கூப்பிடலன்னு நெனச்சுக்கிட்டா? அந்த நிம்மதியா?"

"நான் என் மனசுக்குப் பட்டதைச் சொன்னேன்."

அவள் இரண்டு நாள் எழுதாமல் இருந்தாள். மூன்றாம் நாள் எழுதினாள். இந்தத் தடவை முகவரியை அவளும் பார்த்தாள், சேர்மக்கனியும் பார்த்தான். அந்த மடல் உங்களுக்குத்தான், பேர் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன், கைதவறியது என் பிழை, மூன்று வாரம் சும்மா இருந்தது அதைவிடப் பெரிய பிழை என்று எல்லாவற்றையும் எழுதினாள். திட்டுங்கள் என்றும் எழுதினாள்.

அவர் திட்டவில்லை. நான்கு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

"தங்கள் மடல் கிடைத்தது. முதல் நாள் இயந்திரத்தைக்கூடப் பார்க்காமல் படுத்துக் கிடந்தேன். இப்போது பரவாயில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று கோபம் வந்தது, அதுவும் போய்விட்டது. என்னை ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார் என்று இனி நினைத்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால் எழுதுங்கள். என்ன சமையல் என்று எழுதினாலும் போதும்."

அவள் தினமும் எழுதினாள். புளிக்குழம்பு, மழை, சேர்மக்கனிக்குப் பெண் பார்க்கப் போன கதை. அவரும் எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் மறுநாள்தான் வரும். இப்படி ஒருவரை அறிந்துகொள்வது சமையலறையில் இருந்துகொண்டு மச்சு வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி என்று அவர் ஒருமுறை எழுதியிருந்தார். அன்று அவள் சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர் வரவே மாட்டார், தான் அங்கே போகவும் முடியாது, இருவரில் ஒருவர் சாகும்வரை இந்தக் கடிதம்தான் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

இடையில் அவள் குழுவுக்கும் எழுதினாள். கைதவறிய மடலின் பேச்சை மட்டும் எடுக்காமல், நாம் பதினோரு வருடமாக ஒருவருக்கொருவர் எழுதவே இல்லை, விதியை மாற்றலாமா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டாள். குழு மரியாதையாக மௌனம் காத்தது. ஒருவரும் பதில் போடவில்லை.

ஏழு மாதம் ஆனது. கப்பல் இறங்குகிற அன்று அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்து சேர்மக்கனிக்கு ஆச்சரியம்.

"அவருதான் வரலியே, நீங்க எதுக்குக்கா போறீய?"

"வாசல்ல நிப்பேன்னு எழுதியிருக்கேன்லா."

"அது சரி. அப்ப நானும் வாரேன். ஆளு யாரும் இல்லாம நீங்க மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்?"

தளத்து வாசலில் வெயில் பொசுக்கியது. அலுவலகத்தில் ஒரே சலசலப்பு. வேதமுத்துவின் சாவடிக்குப் பிறகு கப்பல் நின்ற சாவடிகளில், இன்னும் ஒரு தவணை இருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்த ஆறு பேர் கடைசி நேரத்தில் மனசு மாறி ஏறிவிட்டார்களாம். காரணம் கேட்டால் சொந்த விஷயம் என்று மட்டும் சொன்னார்களாம். யாரை அனுப்பிச் சாவடிகளை நிரப்புவது என்று அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. கனத்துக்குப் பழகாத உடம்புகளை ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர். வரமாட்டார் என்று தெரிந்தும் உலகம்மாள் ஏழாவது நாற்காலிக்காகக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். 

ஆறு பேரும் வாசலில் நின்ற அவளைப் பார்த்தார்கள். பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவர்களிடம் சைகை காட்டிச் சுவரோரமாக நிறுத்தச் சொன்னார்கள். அங்கே இருந்துகொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். யாரோ ஒருவர் முன்னால் போகட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

"இவிய எல்லாம் ஏங்க்கா அங்கேயே இருக்காவ?" என்று கிசுகிசுத்தான் சேர்மக்கனி.

உலகம்மாளுக்கும் முதலில் புரியவில்லை.  பிறகு அவளே நடந்து போனாள். எதிரில் முதலாவதாக இருந்த பெண்ணுக்குத் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

"முகம் தெரியல, மன்னிச்சுக்கிடணும். நீங்க?"

"ஜைனம்பு. காயல்பட்டினம். இருபத்தாறாம் சாவடி." அந்த அம்மாள் எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. "நீங்கதானே மட்டுறுத்துநர்? நீங்க இங்க நின்னுக்கிட்டு இருப்பீங்கன்னு தெரியும். எங்களுக்காக மெனக்கெடாதீங்க. நீங்க யாருக்கு எழுதுனீங்களோ, அவங்க முதல்ல பேசட்டும். நாங்க அப்புறமா வர்றோம்."

"அவர் வரலம்மா" என்றாள் உலகம்மாள்.  "அவர் அங்கயே இருந்துட்டாரு. இனிமே வரமாட்டாரு."

ஜைனம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல மெல்லக் குனிந்து சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கடுதாசி எனக்கு இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் ஏறிட்டேன்."

மெல்லச் சொன்னாலும் மற்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. சுவரோரமாக இருந்த ஐந்து பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஏழு மாதமாக, ஒரே கப்பலில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேருக்கும் தெரியாமல் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அதுதான்.